பூநாரைக்குச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் நிற்கும் காலத்தில், வால் பக்கம் ரோஸ் நிறம் பூசிய உயரமான பறவை கண்ணில் பட்டால், ‘ஃபிளமிங்கோ வந்திருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் மஞ்சள்மூக்கு நாரை. அலகைப் பாருங்கள்: நாரைக்கு நீண்டு, நுனியில் மட்டும் லேசாக இறங்கியிருக்கும். ஃபிளமிங்கோவுக்கு நடுவிலேயே கீழ்நோக்கி மடங்கிவிடும். தமிழில் அதைப் பூநாரை என்கிறோம். ஆனால் அதன் நெருங்கிய சொந்தம் நாரையல்ல, நம் குளங்களில் முங்கி எழும் முக்குளிப்பான் என்கின்றன மரபணு ஆய்வுகள்.

ஃபிளமிங்கோ என்ற பெயர் போர்ச்சுக்கீசிய, ஸ்பானிய மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேர் சுடரைக் குறிக்கும் ‘ஃபிளம்மா’ என்ற லத்தீன் சொல் என்பார்கள். ஃபிளாண்டர்ஸ் நாட்டாரின் சிவந்த முகத்திலிருந்து வந்த பெயர் என்று இன்னொரு கட்சியும் உண்டு. எனக்குச் சுடர்தான் பொருத்தமாகப் படுகிறது. விலங்கியல் பெயரான ஃபீனிகாப்டெரஸுக்கும் கிரேக்கத்தில் செஞ்சிறகு என்றே பொருள். நிற்கும்போது வெளிறித் தெரியும் பறவை, சிறகை விரித்ததும்தான் சிவப்பும் கருப்புமாகப் பளிச்சிடும்.

அந்தச் சிவப்பு பிறவிச் சொத்து அல்ல. தின்ற தீனி தந்தது. உவர்நீரில் வாழும் பாசிகளிலும் சிற்றிறால்களிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் இறகில் ஏறுகின்றன. உயிரியல் பூங்காவில் இந்த நிறமி கலக்காத தீனி போட்டால் பறவை வெளுத்துவிடும். தின்னும் விதமும் விசித்திரம்: தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி நீரில் முக்கி, தடித்த நாக்கை முன்னும் பின்னும் இயக்கித் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். அலகோரச் சீப்புப் பற்கள் சல்லடைபோல இரையை நிறுத்திக்கொள்ளும். அந்த நாக்கைப் பண்டைய ரோமாபுரிச் செல்வர்கள் விருந்தில் ருசித்தார்கள் என்பது வேறு கதை.

நன்னீர் ஏரியைவிடப் பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி போன்ற ஆழமற்ற உவர்நீர்தான் அதற்குத் தோது. தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக 2025 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இவை பெருங்கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் உவர்நிலம். குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் சுரக்கும் செந்நிறப் பாலை ஊட்டும். ஊட்ட ஊட்டப் பெற்றோர் வெளிறிப்போகும். சாம்பல் நிறக் குஞ்சு சிவக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.