தொண்டை அடைப்பான்: மருந்தின் அளவும் நேரமும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் பண்பொழி, வடகரை, மேக்கரை பகுதிகளில் கார் சாகுபடி வேலைகள் சூடு பிடிக்கும். மாடுகளுக்கு ஈரத் தரையும் குளிர் காற்றும் இளம்புல்லும் ஒரே சமயத்தில் வந்து சேரும் பருவம் இது. தொண்டை அடைப்பான் நோய் தலைகாட்டுவதும் இதே பருவத்தில்தான். ஒரே ஒரு எருமையை நம்பிப் பால் ஊற்றும் குடும்பத்துக்கு இந்நோய் ஒரே நாளில் பெருநட்டத்தைக் கொண்டுவந்துவிடும்.

பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா இந்நோயை உண்டாக்குகிறது. நல்ல நிலையில் உள்ள சில மாடுகளின் தொண்டையிலேயே இக்கிருமி தங்கியிருக்கும். மழையில் நனைதல், தீவனக் குறைவு, நெடுந்தூரம் ஓட்டிச் செல்லுதல் ஆகியவற்றால் உடல் தளரும்போது அது பெருகி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. காய்ச்சல் 106, 107 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறும். வாயில் எச்சில் ஒழுகும். தொண்டையும் தாடையின் கீழ்ப்பகுதியும் வீங்கும். மூச்சு விடும்போது கொர்கொர் என்ற சத்தம் கேட்கும். பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள், சில சமயம் சில மணி நேரத்திலேயே மாடு இறந்துவிடும். பசுக்களைவிட எருமைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன.

காலந்தாழ்ந்தால் பலனில்லை

ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இக்கிருமியைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிருமி வெளியிடும் நஞ்சை அவை முறிப்பதில்லை. வீக்கம் கண்டு மூச்சு முட்டும் நிலையில் எவ்வளவு மருந்து ஏற்றினாலும், உடலில் முன்பே பரவிவிட்ட நஞ்சு மாட்டைக் கொன்றுவிடும். காய்ச்சல் கண்ட முதல் சில மணி நேரத்தில் போடும் ஊசிக்கே பலன் உண்டு. எனவே மழைக்காலத்தில் தீவனம் எடுக்காமல் அசை போடாமல் நிற்கும் மாட்டுக்கு உடனே வெப்பநிலை பார்க்க வேண்டும். மாட்டின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 101.5 டிகிரி. அதற்கு மேல் நன்றாக ஏறியிருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

எடைக்கு ஏற்ற அளவு

மருந்தின் அளவு மாட்டின் உடல் எடையைப் பொறுத்தது. எடை மேடை இல்லாத இடத்தில் நாடாவைக் கொண்டே எடையைக் கணக்கிடலாம். முன்னங்கால்களுக்குப் பின்புறம் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளக்கவும். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம் அளக்கவும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, பின் நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 62, நீளம் 52 அங்குலம் உள்ள மாடு சுமார் 303 கிலோ இருக்கும்.

ஆக்சிடெட்ராசைக்ளின் மருந்தை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் இம்மாட்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிகிராம் தேவை. ஒரு சி.சி.யில் 50 மில்லிகிராம் உள்ள மருந்தானால் இது 60 சி.சி. ஆகும். 'பார்த்துப் போடுவோம்' என்று 10 சி.சி. போட்டால் தேவையில் ஆறில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. மாடு பிழைக்காது என்பதோடு, தாக்குப்பிடித்த கிருமிகள் மருந்துக்கு அஞ்சாதவையாகவும் மாறக்கூடும். பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே குறைந்த அளவு மருந்தின் இந்த ஆபத்தை எடுத்துரைத்தார்.

அளவு மீறினால்

அதற்காக இரட்டிப்பாகப் போடுவதும் தவறு. ஆக்சிடெட்ராசைக்ளினை இரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் மாடு சுருண்டு விழும். அளவு மீறினால் சிறுநீரகம் கெடும். ஜென்டாமைசினும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. பென்சிலின் போன்றவற்றில் ஒரே தடவையில் நிறையப் போடுவதைவிட, குறித்த இடைவெளியில் தவறாமல் போடுவதே பலன் தரும். எந்த மருந்து, எத்தனை வேளை, எந்த வழியில் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாடு எழுந்து புல் தின்னத் தொடங்கியதும் ஊசியைப் பாதியில் நிறுத்துவதும் கூடாது.

பாலை என்ன செய்வது?

பூச்சிமருந்து தெளித்த கத்தரிக்காயை உடனே பறித்து விற்பதில்லை. அதுபோல, ஊசி போட்ட மாட்டின் பாலையும் மருந்துச் சீட்டில் குறித்துள்ள நாட்கள் வரை விற்கவோ குடிக்கவோ கூடாது. மடிநோய்க்கு ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். காய்ச்சுவதால் மருந்து முழுவதும் போய்விடாது. மருந்து கலந்த பாலில் தயிர் சரியாக உறையாது. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு அப்பால் தீங்கு செய்யும். ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம்.

மனிதருக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த மத்திய அரசு 2019ஆம் ஆண்டு ஜூலையில் தடை விதித்தது. தொழுவத்தில் மருந்துக்கு அடங்காமல் போகும் கிருமி வீட்டுக்குள்ளும் வரும் என்பதே இதற்குக் காரணம்.

தடுப்பூசியே மலிவு

சாரல் தொடங்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, அதாவது மே மாதத்துக்குள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லா மாடுகளுக்கும் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். ஆண்டுதோறும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, தண்ணீரும் தீவனமும் தனியாக வைக்கவும். இறந்த மாட்டை வாய்க்காலில் தள்ளாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

நாற்றங்காலுக்கு விதை எடுத்து வைக்கும்போதே மாட்டுக்குத் தடுப்பூசி போடும் நாளையும் குறித்துக்கொள்வது நல்லது. கடைசி நேரத்தில் ஏற்றும் எத்தனை சி.சி. மருந்தும் அதற்கு ஈடாகாது.