ஊர்வன வளர்ப்பும் அதன் சொற்களும்

ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய சொற்கள் உண்டு. சேலத்து நெசவாளர் பாவு, ஊடை, தார், நாடா என்னும் சொற்களின்றித் தறியண்டை ஒரு நாழிகையும் இருத்தல் இயலாது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்துவோர் அடை, பொரிப்பு, கூமுட்டை என்று பேசுமிடத்து, அவர்தம் அனுபவம் முழுதும் அச்சொற்களுள் அடங்கிக் கிடக்கின்றது. அவ்வாறே பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகிய ஊர்வனவற்றையும், தவளை, தேரை முதலிய நீர்நில வாழ்வனவற்றையும் வளர்த்துப் பெருக்குவோரிடத்தும் ஒரு சொற்றொகுதி உண்டு. இப்பிராணிகளை இல்லத்தில் வைத்து வளர்க்கும் விருப்பம் மேனாடுகளில் பெருகியிருப்பதோடு, இக்காலத்து நம் நகரங்களிலும் தலைகாட்டி வருகின்றது. ஆதலின் அச்சொற்களுள் முக்கியமான சிலவற்றை, சேலம் நாமக்கல் சமவெளியில் நாம் காணும் உயிர்களைக் கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இதனை எழுத நம்மைத் தூண்டியது ஒரு பழைய குற்றமாகும். நாம் சிறுவராய் இருந்த காலத்தில், கரட்டோரத்துப் புதரில் ஒரு கட்டாமையைக் கண்டெடுத்து இல்லத்திற்குக் கொணர்ந்தோம். கருநிற ஓட்டின்மேல் மஞ்சட் கதிர்கள் விண்மீன்போல் விரிந்திருத்தலால் நட்சத்திர ஆமை என்றும் அதனை வழங்குவர். அதன்பால் நாம் கொண்ட அன்பிற்குக் குறைவில்லை. வெயில் படாத உள்ளறையில் ஒரு மரப்பெட்டியில் வைத்தோம். நாள்தோறும் சோறு இட்டோம். சில திங்களில் அதன் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்குமளவு மென்மையாயிற்று. பின்னர் ஒரு காலையில் அஃது அசைவற்றுக் கிடந்தது. அன்பு இருந்தது; அறிவு இல்லை. கீழ்வரும் சொற்களுள் இரண்டொன்றை அன்று அறிந்திருப்போமாயின், அதனைத் தொட்டே இருக்கமாட்டோம்.

முதற்சொல் ‘புறவெப்ப உயிர்’ என்பது. முன்னாளில் ஊர்வனவற்றைக் குளிர்ந்த இரத்தமுடைய பிராணிகள் என்று பாட நூல்கள் கூறின. அது பிழைபட்ட பெயர். சித்திரை மாதத்துப் பகலில் வேலிக்கம்பின்மேல் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானின் இரத்தம் நம் இரத்தத்திற்கு இளைத்த வெப்பமுடையதன்று. வேற்றுமை வெப்பம் பிறக்கும் இடத்திலேயே உளது. நாம் உண்ட உணவை எரித்து உடல் வெப்பத்தை உள்ளிருந்தே உண்டாக்குகின்றோம். ஓணானோ அதனை ஞாயிற்றினிடத்தும் சுட்ட கல்லினிடத்தும் கடன் வாங்குகின்றது. இக்காரணத்தால் ஒரே எடையுள்ள எலியைக் காட்டிலும் மிகக் குறைந்த உணவே அதற்குப் போதும்.

இதனினின்று பிறப்பன ‘வெயில் காய்தல்’, ‘வெப்பப் படி’ என்னும் இரு சொற்கள். காலையில் ஓணான் உடலைத் தட்டையாக்கிக் கதிருக்கு நேரே நிற்கும். நண்பகலில் கிளையின் நிழற்பக்கத்துக்கு மாறும். மாலையில் மீண்டும் வெளிவரும். ஒரு பகலில் இவ்வாறு பன்முறை இடம் மாறித் தன் உடலின் உஷ்ணத்தைச் சீராக வைத்துக்கொள்கின்றது. வளர்ப்போர் தம் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மூலையை விளக்கினால் சூடாக்கி, எதிர்மூலையைக் குளிர்ச்சியாக விட்டு, இடையிலே படிப்படியாக வெப்பம் குறையுமாறு செய்வர். இதுவே வெப்பப் படி. பெட்டி முழுதும் ஒரே சூடாயிருப்பின், அதிலுள்ள உயிர் விலகிச் செல்ல வழியின்றி வெந்து மடியும். முழுதும் குளிராயிருப்பின், உண்ட உணவு செரியாமல் நலியும்.

அடுத்த சொல் ‘புறஊதா ஒளி’. ஞாயிற்றின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத இக்கதிர்கள் தோலிற் படும்போது டி உயிர்ச்சத்து உண்டாகின்றது. அச்சத்தின்றி உணவிலுள்ள சுண்ணாம்பு எலும்பிற் சேராது. ஆமையின் ஓடும் எலும்பேயாதலால், வெயிலும் சுண்ணாம்பும் குறைந்தவழி அஃது இளகிக் கோணிவிடும். வளர்ப்போர் இதனை ‘எலும்பு நோய்’ என்பர். சாளரக் கண்ணாடியினூடே வரும் வெயில் இதற்கு உதவாது. கண்ணாடி அக்கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடும். புல்லும் பூண்டும் கனியும் தின்று திறந்த கரட்டில் உலாவும் உயிருக்கு நாம் இருளறையும் சோறும் தந்தோம் என்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்திற்று.

‘ஒளிவிடம்’ என்பது வேறொரு சொல். பாம்பு தன் உடலின் நாற்புறமும் ஏதேனும் தொட்டுக்கொண்டிருக்க, இருளிலே சுருண்டு கிடக்கும்போதே அமைதியுறும். இதனை நம் நாட்டு இருளர் எந்நூலும் கல்லாமலே அறிந்திருந்தனர். பாம்புத்தோல் வாணிபம் சட்டத்தால் நின்றுபோனபின், 1978-ஆம் ஆண்டில் அவர்கள் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றினின்று நஞ்செடுத்து, பாம்புக்கடி மருந்து செய்வோர்க்கு அளித்து வருகின்றனர். பாம்புகளை அவர்கள் வைப்பது வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில். பானை இருளையும் குளிர்ச்சியையும் ஒருங்கே தருகின்றது. சில வாரங்களில் அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுப் பாம்புகளை மீண்டும் காட்டிலே விட்டுவிடுவர். எடுத்ததைத் திருப்பித் தருதல் அவர்தம் தொழிலின் ஒரு பகுதியாகும்.

‘சட்டை உரித்தல்’ நம் சிற்றூரார் அனைவரும் அறிந்த சொல்லே. உரிக்குமுன் பாம்பின் கண்கள் பால்படிந்தாற்போல் மங்கும். அக்காலத்தில் அஃது எளிதிற் சினங்கொள்ளும். நலமுள்ள பாம்பு மூக்கினின்று தொடங்கி ஒரே சட்டையாகக் கழற்றும். பல்லியினம் துண்டு துண்டாக உரிக்கும். காற்றில் ஈரம் போதாதாயின் சட்டை கிழிந்து, கண்ணை மூடிய செதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஈரப்பதம் அளத்தல் வளர்ப்போர் கடமைகளுள் ஒன்றாயிற்று.

நீர்நில வாழ்வனவற்றிற்கு வருவோம். நம் சமவெளியில் பங்குனி, சித்திரையில் குட்டைகள் வெடித்துக் கிடக்கும். தவளை ஒன்றும் கண்ணிற்படாது. நுணல் என்னும் தவளை பின்னங்கால்களால் மண்ணை அகழ்ந்து பின்னோக்கி இறங்கி, ஈரமுள்ள ஆழத்தில் அசைவின்றிக் கிடக்கின்றது. இதற்கு ‘வேனில் துயில்’ என்று பெயர். பனிநாடுகளின் ஊர்வன கடுங்குளிரில் உறங்குவது ‘குளிர்த் துயில்’. நல்ல மழை பெய்த இரவில் ஏரிக்கரையெங்கும் எழும் பேரொலி ஆண் தவளைகளின் அழைப்பாகும். ஆண் பெண்ணின் முதுகைத் தழுவிக்கொள்ளும் நிலையைத் ‘தழுவற் புணர்ச்சி’ என்பர். பெண் நீரில் இடும் முட்டைகள் உடலுக்கு வெளியிலேயே கருவுறுகின்றன. தவளை முட்டைகள் குவியலாகவும், தேரை முட்டைகள் நீண்ட சரமாகவும் இருக்கும். நம் குளியலறைச் சுவரிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் மரத்தவளையோ, நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி அதனுள் முட்டையிடும்.

முட்டையினின்று வருவது ‘தலைப்பிரட்டை’. அது செவுளால் மூச்சுவிடும். பின்னர் பின்னங்கால், முன்னங்கால் தோன்றி, நுரையீரல் அமைந்து, வால் உடலுக்குள்ளே கரைந்து மறையும். இம்மாற்றத்திற்கு ‘உருமாற்றம்’ என்று பெயர். தவளை வாயால் நீர் குடிப்பதில்லை, தோலாலேயே உறிஞ்சுகின்றது. ஆகவே நீரில் கலந்த குளோரினும் பூச்சிமருந்தும் கையிலுள்ள சவர்க்காரமும் நேரே அதன் உடலினுட் புகும். ‘ஒதுக்கி வைத்தல்’ என்னும் சொல்லும் இதனோடு சேர்ந்தது. புதிதாய் வந்த உயிரைப் பழையவற்றோடு சேர்க்காமல் சில வாரம் தனியே வைத்தல் அது. 1999-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் பெயரிட்ட கைட்ரிட் பூஞ்சை என்னும் தோல்நோய், தவளை வாணிபத்தோடு கண்டம் விட்டுக் கண்டம் சென்று, உலகின் பல பகுதிகளில் தவளையினங்களை அழித்தது. ஒதுக்கி வைக்காமையின் விலை அவ்வளவு பெரிது.

இனி முட்டையைப் பற்றிய சொற்கள். ஒரு முறையில் இடும் முட்டைகளின் தொகுதி ‘ஈடு’ எனப்படும். நாமக்கல் பக்கத்து மாணவர் பொரிப்பகங்களைக் கண்டிருப்பர். அங்கே கோழி முட்டைகள் ஏறக்குறைய 37.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 21 நாள் இருக்கும். நாள்தோறும் பன்முறை திருப்பி வைக்கப்படும். திருப்பாவிடின் கரு ஓட்டோடு ஒட்டி இறக்கும். ஊர்வனவற்றின் முட்டைக்கோ விதி நேர்மாறு. இட்ட சிறிது பொழுதிற்குள் கரு மேற்புறத்து ஓட்டின் உட்பக்கம் பற்றிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு மடிந்துவிடும். ஆகவே அடைப்பெட்டிக்கு மாற்றுமுன் ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் கரிக்கோலால் குறியிடுவர். கோழிப்பண்ணை அறிவை அப்படியே ஆமை முட்டைக்குக் கொண்டு சென்றவன் அத்தனை முட்டையையும் இழப்பான்.

மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பிலும் ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியிலும் வாழும் முதலை இதினும் வியப்பான ஒன்றைக் கற்பிக்கின்றது. கரையில் குழிதோண்டி அது முட்டையிடும். குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் கருவிலேயே முடிந்துவிடுவதில்லை. அடைக்காலத்து வெப்பமே அதனை முடிவு செய்கின்றது. 31 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் பெண்ணும், 32.5 பாகையில் ஆணும் பிறக்கும். அதற்கும் மேலே செல்லின் மீண்டும் பெண் தோன்றத் தொடங்கும். இதற்கு ‘வெப்பவழிப் பாலமைவு’ என்று பெயர். 1976-ஆம் ஆண்டில் ராமுலஸ் விட்டேக்கர் முதலியோர் வடநெம்மேலியில் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையின் முட்டைகளைக் கொண்டு இவ்வுண்மை விளக்கமுற்றது. ஒன்றரைப் பாகை வேற்றுமை ஓர் ஈட்டின் கதியையே மாற்றிவிடும் என்றால், வெப்பமானியின்றி இத்தொழிலில் இறங்குவது தகுமோ? எல்லா ஊர்வனவும் முட்டையிடுவதுமில்லை. கண்ணாடி விரியனும் மண்ணுளிப் பாம்பும் குட்டி ஈனுவன.

இறுதியாக, மற்றெல்லாச் சொற்களினும் முக்கியமான இரண்டு: ‘காட்டிற் பிடித்தது’, ‘கூண்டிற் பிறந்தது’. 1973-ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கையொப்பமான உயிரின வாணிப உடன்படிக்கையின்படி, கூண்டிற் பிறந்தது என்னும் பெயர்க்குத் தாய் தந்தையரும் வளர்ப்பிடத்திலேயே கூடியிருத்தல் வேண்டும். அவற்றின் மூல இருப்பும் சட்டத்திற்கு மாறாமல் பெறப்பட்டதாதல் வேண்டும். காட்டிலே கருவுற்ற தாயைப் பிடித்துக் கூண்டில் முட்டையிடச் செய்தால் அக்குஞ்சுகள் அப்பெயர்க்கு உரியன ஆகா. வாணிபர் சிலர் இச்சொல்லைத் திரையாகக் கொண்டு காட்டுயிரை விற்கின்றனர். நட்சத்திர ஆமை இதனால் நேர்ந்த கேட்டிற்கு நல்ல சான்று. பல்லாண்டுகளாக ஆயிரக்கணக்கிற் கடத்தப்பட்டமையால், 2019-ஆம் ஆண்டில் அது வாணிபம் முற்றும் விலக்கப்பட்ட முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. மண்ணுளிப் பாம்பின் மழுங்கிய வாலை மற்றொரு தலையென மயங்கி, இருதலைப் பாம்பு செல்வம் தரும் என்னும் பொய்யை நம்பிப் பெருந்தொகை கொடுப்போரும் நம் நாட்டில் உளர்.

சட்டம் தெளிவாகவே உள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாம்பு, ஆமை, உடும்பு, முதலை முதலிய நம் நாட்டு ஊர்வனவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். உடன்படிக்கையின் அட்டவணைகளில் அடங்கிய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படியும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படியும் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். கடைகளில் சிறு காசளவில் விற்கும் செங்காது ஆமை அமெரிக்காவினின்று வந்தது. சில ஆண்டுகளில் ஓரடி நீளத்தை நெருங்கும். அப்போது அதனை நம் ஏரியில் விடுவோர், அவ்வேரியின் சொந்த ஆமைக்கே பகை செய்கின்றனர். அன்றியும் இக்குட்டிகள் சால்மொனெல்லா நோய்க்கிருமியைச் சிறுவர்க்குப் பரப்பியமையால், நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனை 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே தடுக்கப்பட்டது.

இச்சொற்களை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை விளங்கும். விளக்கு, வெப்பப் படி, ஒளிவிடம், ஈரப்பதம், அடைப்பெட்டி என்பன யாவும், நம் கரடும் ஏரியும் வெயிலும் கூலியின்றிச் செய்யும் தொண்டைக் கண்ணாடிப் பெட்டியுள் மீண்டும் செய்ய மனிதன் படும் பாட்டின் பெயர்களே. அப்பாட்டை முறையாக ஏற்கக் கூடியன முதலைப் பண்ணை போன்ற நிலையங்கள். மாணவர்க்கோ அத்துணைச் செலவும் வேண்டா. ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருப்பின், மழைக்குப் பின் ஏரிக்கரையில் உருமாற்றத்தையும், காலை வேலியில் வெயில் காய்தலையும் கண்டெழுதலாம்.

ஆதியாகமத்தில் ஆதாம் பிராணிகளுக்கெல்லாம் பெயரிட்டான் என்று படிக்கின்றோம். பெயரிட்டபின் அவற்றைப் பெட்டியில் அடைத்தான் என்று அங்கே சொல்லப்படவில்லை. கரட்டோரத்தில் கட்டாமை ஒன்று நம் மாணவர் கண்ணிற்படுமாயின், அதன் பெயரைச் சொல்லி, சற்று நின்று பார்த்து, அதன் வழியே அதனைப் போகவிடுவாராக. நாம் செய்யத் தவறியது அதுவே.