பட்டியலில் இல்லாத மாத்திரை

ஜூன் 26 போதை ஒழிப்பு நாள். அதற்குள் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் வந்துசேர வேண்டும் என்று சில பள்ளிகள் கேட்டிருக்கின்றன. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசகர்கள் எழுதியிருக்கும் கடிதங்களில் கஞ்சாவைப் பற்றிய சந்தேகம் குறைவு. மதுவைப் பற்றி அதைவிடக் குறைவு. பலர் கேட்டிருப்பது வேறு: மெடிக்கல் ஷாப்பில் விற்கிற வலி மாத்திரை எப்படிப் போதைப்பொருள் ஆகும்? ஒரு தாயின் கேள்வி இன்னும் நேரானது. "பையனோட பையில மாத்திரை அட்டை இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ்ல சொல்லிருவாங்களா?"

கூடாத சேர்க்கை, வீட்டில் சண்டை, பரீட்சை பயம், கையில் புரளும் காசு ஆகிய காரணங்களை எல்லா மேடைகளிலும் கேட்டிருப்பீர்கள். அவற்றைத் திரும்பச் சொல்லி இடத்தை அடைக்கப்போவதில்லை. அந்த மாத்திரைக்கு வருவோம்.

காவல்துறைச் செய்திக்குறிப்புகளில் 'உடல் வலி நிவாரண மாத்திரை' என்று மென்மையாகக் குறிப்பிடப்படுவது பல வழக்குகளில் டேபென்டடால். கடுமையான வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து இது. மார்ஃபின் மூளையில் எந்த ஏற்பியைப் பிடிக்கிறதோ அதையேதான் இதுவும் பிடிக்கிறது. அமெரிக்கா 2008-ல் இதற்கு அனுமதி தந்தது. 2009-லேயே மார்ஃபின் இருக்கும் கடுங்கட்டுப்பாட்டு அட்டவணைக்குள் இதையும் கொண்டுபோய் வைத்தது. இந்தியாவிலும் 2011-ல் அனுமதி கிடைத்தது. இங்கே எந்த அட்டவணையில் வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் சட்டத்தில் 'போதைப்பொருள்' என்ற சொல்லுக்கு உடம்போடு பெரிய சம்பந்தம் இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலிலோ, அதன்கீழ் வெளியான அறிவிக்கையிலோ பெயர் இருந்தால் அது போதைப்பொருள். பெயர் இல்லாவிட்டால், மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரு பையன் மயங்கிக் கிடந்தாலும் அது மருந்துதான். ('போதையில்லாத் தமிழ்நாடு' என்று அரசு சொல்லும்போது 2003 முதல் அதே அரசு சில்லறையாக விற்கும் சரக்கு அந்தக் கணக்கில் வராது என்பதையும் இதே வழியில் புரிந்துகொள்ள வேண்டும்.)

ட்ரமடால் என்ற இன்னொரு வலி மருந்து 2018 ஏப்ரல் வரை இப்படித்தான் பட்டியலுக்கு வெளியே இருந்தது. பஞ்சாபிலும் பிற இடங்களிலும் அது போதைக்காகக் கைமாறுவது பெரிதானதும் மத்திய அரசு அதைப் பட்டியலில் சேர்த்தது. டேபென்டடாலைச் சேர்க்கவில்லை. இரண்டுமே க்ரூனெந்தால் என்ற ஒரே ஜெர்மன் நிறுவனம் கண்டுபிடித்தவை. பிந்தியது முந்தியதன் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் தம்பி கொஞ்சம் முரடன். ட்ரமடாலுக்குக் கல்லீரலில் உருமாறிய பிறகுதான் முழு வீச்சு வரும். டேபென்டடாலுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. சட்டம் ஒரு பெயரைப் பட்டியலில் எழுதியது. சந்தை அடுத்த பெயருக்கு நகர்ந்துகொண்டது. வேதியியல் எதுவும் தெரியாத சில்லறை வியாபாரிகூட எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவைத்திருப்பான் என்பது என் சந்தேகம்.

பட்டியலுக்கு வெளியே இருப்பதால் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். சீட்டு இல்லாமல், உரிமம் இல்லாமல் மருந்து விற்றால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் பாயும். உரிமமில்லா விற்பனைக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை. கடுமையான சட்டம்தான். ஆனால் 2020 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அந்தச் சட்டத்தின் மருந்து விற்பனைக் குற்றங்களுக்குக் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது, வழக்கு நடத்தவும் கூடாது, அது மருந்து ஆய்வாளரின் வேலை. சட்டப்படி சரியான தீர்ப்பு. விளைவு என்னவென்றால், இரவு 11 மணிக்கு மைதானத்தின் ஓரத்தில் விற்பவனைப் பிடிப்பவர் சப்-இன்ஸ்பெக்டர். அவன்மீது பொருத்தமான வழக்கைத் தொடுக்க வேண்டியவர் பல நூறு மருந்துக் கடைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலர்.

எனவே போலீஸார் சுற்றுவழி எடுக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 328. விஷமோ மயக்க மருந்தோ கொடுத்துக் காயம் விளைவித்தல். 10 ஆண்டு வரை சிறை. ஏட்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பையன் காசு கொடுத்துத் தானே வாங்கித் தானே ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கெடுதல் வரும் என்று தெரிந்தே விற்றவன் அதை அவன் உடம்பில் செலுத்தினான் என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். கைதுகளின் எண்ணிக்கை செய்தியாளர் சந்திப்பில் சொல்லப்படுகிறது. அவற்றில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பதை அதே மூச்சில் யாரும் சொல்வதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது சிறார் நீதிச் சட்டம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது, புகையிலை, போதைப்பொருள் கொடுத்தால் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் 'போதைப்பொருள்' என்பதற்கு அந்தச் சட்டம் தனியாக விளக்கம் தரவில்லை. 1985 சட்டத்தில் உள்ள பொருளையே எடுத்துக்கொள்கிறது. எழுத்தைப் பிடித்துப் படித்தால், எட்டாம் வகுப்பு மாணவனுக்கு ஒரு கூல் லிப் புகையிலைப் பொட்டலம் கொடுப்பவன் அந்தப் பிரிவுக்குள் வருகிறான். அதே மாணவனுக்கு டேபென்டடால் கொடுப்பவன் வெளியே நிற்கிறான்.

டேபென்டடாலைக் கட்டுப்படுத்துவது முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. டேபென்டடாலையும் காரிசோப்ரடோலையும் கலந்த மாத்திரை இந்தியாவிலிருந்து கானா, நைஜீரியா முதலிய நாடுகளுக்குப் போவதை பிபிசி 2025 பிப்ரவரியில் ரகசியமாகப் படம்பிடித்து வெளியிட்டது. சில நாள்களிலேயே அந்தக் கலவையின் உற்பத்தி அனுமதியையும் ஏற்றுமதி அனுமதியையும் திரும்பப் பெற மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. தனி மாத்திரை அந்த உத்தரவில் வரவில்லை.

பிள்ளைகள் ஏன் இந்தப் போதைக்குப் போகிறார்கள் என்பதற்கும் பாதி விடை, அது மாத்திரையாக இருப்பதிலேயே கிடைக்கிறது. மதுவைப் போல வாடை அடிக்காது; கஞ்சாவைப் போல் புகையாது; பையைத் துழாவினாலும் மாத்திரை அட்டைதானே என்று விட்டுவிடுவார்கள். பள்ளியைப் பாதியில் விட்டு மூட்டை தூக்கப் போன பையன்களுக்கு உண்மையாகவே உடம்பு வலிக்கிறது. வலிக்குப் போட்ட மாத்திரை வேறொன்றையும் கற்றுக்கொடுத்துவிடுகிறது. மேலே அச்சடித்த மருந்து நிறுவனத்தின் பெயரும் ஒரு தைரியம். பொட்டலத்தில் வந்ததை விழுங்கப் பயப்படுகிறவனும் அலுமினியத் தாளில் வந்ததை நம்புகிறான்.

இது நாலைந்து பையன்களின் விவகாரமில்லை. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 40 லட்சம் பேர். மது அருந்துவோர் சுமார் 30 லட்சம். வலி மாத்திரைகளும் அந்த முதல் கணக்கில் அடக்கம். கிலோக் கணக்கில் பறிமுதலைச் சொல்லும் காவல்துறையின் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' அறிக்கைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்கு எடை கிடையாது. தவிர, பறிமுதல் கூடினால் அது வேட்டையின் வெற்றியா, சரக்கு பெருகியதன் அடையாளமா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

உடம்பில் என்ன செய்யும்? விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு மாவுப்பொருள்களும் இருக்கும். ஊசியில் ஏற்றினால் அவை கரையாமல் போய் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். நரம்பு சுருண்டு சீழ் கட்டும். இதய வால்வில் கிருமி குடியேறலாம். ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்தில் ஹெபடைட்டிஸ் சியும் எச்ஐவியும் சேர்ந்தே சுற்றும். அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இன்னொன்று. மாத்திரை கிடைக்காத நாளில் மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி எல்லாம் வரும். வீட்டில் அதை வைரல் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். இரண்டு நாளில் 'சரியாகிவிட்டால்' மாத்திரை கிடைத்துவிட்டது என்றும் இருக்கலாம்.

இனி அந்தத் தாயின் கேள்வி. டேபென்டடால் 1985 சட்டத்தில் இல்லாததால், அதை உட்கொண்டதற்காகப் பையன்மீது அந்தச் சட்டத்தில் வழக்கே கிடையாது. பட்டியல் ஓட்டையால் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே நன்மை இது. கஞ்சாவாக இருந்தாலும், சிறிய அளவு வைத்திருந்து மாட்டியவரோ பயன்படுத்தியவரோ அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தாமாக வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. (கஞ்சாவில் 'சிறிய அளவு' என்பது 1 கிலோ வரை.) சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு கொக்கியும் உண்டு. விட்டுவிட்டுத் தொடங்குவதே இந்த நோயின் இயல்பு என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. மயங்கிய நிலையில் கொண்டுபோனால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும். அது தகவல்தான், குற்றச்சாட்டு அல்ல. கூட்டிப்போங்கள் அம்மா.

மற்ற கேள்விகள் சுருக்கமாக:

மருந்துக் கடைகளில் சிசிடிவி கட்டாயம் என்று ஆட்சியர்கள் உத்தரவிட்டார்களே? கேமரா கவுன்ட்டரைப் பார்க்கும். கூரியரில் வரும் பார்சலைப் பார்க்காது.

வெளியில் தெரியும் அடையாளம்? ஊசி முனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, தீராத மலச்சிக்கல், கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தலாமா? வேண்டாம். அதைவிட முக்கியம்: சில வாரம் நிறுத்தியவனின் தாங்குதிறன் இறங்கியிருக்கும், பழைய அளவையே மறுபடி எடுத்தால் உயிருக்கு ஆபத்து.

மூச்சு திணறினால்? 108. என்ன மாத்திரை என்பதை மறைக்காதீர்கள். நாலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது.

தனியார் மறுவாழ்வு மையம் நம்பகமானதா? மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். சிறாரைப் பெரியவர்களோடு சேர்த்து வைத்தாலோ, கூட ஒருவர் தங்கக் கூடாது என்றாலோ அழைத்து வந்துவிடுங்கள். இரண்டுமே சட்ட மீறல்.

யாரிடம் பேசுவது? போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, சிறார் உதவிக்கு 1098, விற்பவர்களைப் பற்றிச் சொல்ல 10581.

பிற்காலத்தில் வேலைக்குப் பாதிப்பு வருமா? சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டவருக்கு, வயது வந்தவராகக் கருதி விசாரித்த கொடுங்குற்ற வழக்குகள் தவிர, அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது 24-ஆம் பிரிவு.