பச்சிளங்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தல்: புதிய பெற்றோருக்கான வழிகாட்டி

பச்சிளங்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுதல் தமிழ் இல்லங்களில் எவரும் வகுப்பு வைத்துக் கற்பித்த கலையன்று. பாட்டியோ, குளிப்பாட்ட வரும் மூதாட்டியோ கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையை அவற்றின்மேல் கிடத்தித் தேய்ப்பார். தாய் அருகிலிருந்து பார்த்துக் கற்பார். பிளெய்ன்ஸ்பரோவில் அந்த வாய்ப்பு நெடுநாள் நீடிப்பதில்லை. பார்வையாளர் விசாவில் வரும் பெற்றோர் வழக்கமாக 6 மாதம் வரையே தங்க இயலும்; சில குடும்பங்களுக்கு எவருமே வர இயலாமற்போகிறது. ஆகவே தாயும் தந்தையும் இதனைத் தாமே கற்றுக்கொள்வது நலம். மரபிலிருந்து எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, உதவியை எங்கே நாடுவது என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

பயன் யாது?

மேலைநாட்டினர் இன்று வகுப்புகளில் கற்பிக்கும் முறை பெரிதும் நம் நாட்டிலிருந்து சென்றதே. கொல்கத்தாவில் ஷாந்தலா என்னும் தாய் தம் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்ட பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் பிரெடெரிக் லெபோயர், அதனை 1976-இல் நூலாக்கினார்.

மயாமிப் பல்கலைக்கழகத்தின் டிஃபனி ஃபீல்டும் அவர்தம் குழுவினரும் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மருத்துவமனையிலிருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 3 முறை, 15 நிமிடம் வீதம், 10 நாள் உடலை நீவிவிட்டனர். அக்குழந்தைகள் மற்றவற்றைவிட 47 விழுக்காடு கூடுதலாக எடை பெற்று, சராசரியாக 6 நாள் முன்னதாக வீடு திரும்பின. இது மருத்துவக் கண்காணிப்பில் செய்யப்பட்டது. நிறைமாதக் குழந்தைக்கும் இதே அளவு பலன் விளையும் எனக் கொள்ளலாகாது. குறைமாதக் குழந்தையின் பெற்றோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே வீட்டில் தொடங்க வேண்டும்.

தாய்க்கும் இதில் பயன் உண்டு. மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுற்ற தாய்மாரிடம் இலண்டனில் நடத்தி 2001-இல் வெளியிடப்பட்ட ஒரு சிறு ஆய்வில், இவ்வகுப்புக்குச் சென்றவர்கள் குழந்தையோடு உறவாடும் முறை சிறப்புற்றது.

செய்யும் முறை

1. குழந்தை விழித்து அமைதியாக இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். பால் குடித்தவுடனும், பசித்து அழும்போதும் வேண்டா.
2. அறை கதகதப்பாக இருக்கட்டும். மோதிரம், வளையல் கழற்றி, நகம் வெட்டி, கைகளைக் கழுவுங்கள்.
3. தரையில் துண்டு விரித்துக் கிடத்துங்கள். எண்ணெய் பூசிய உடல் வழுக்கும். கட்டில், மேசை ஆகியவை வேண்டா.
4. மணமூட்டப்படாத தேங்காயெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் போதும். முதல்நாள் சிறிதளவு தடவி, தோல் சிவக்கிறதா எனப் பாருங்கள். கடுகெண்ணெய் தோலை உறுத்தக்கூடும்.
5. கால்களிலிருந்து தொடங்குங்கள்: தொடையிலிருந்து பாதம் வரை நீவி, பிறகு கை, மார்பு, முதுகு. மிக மெல்லிய தொடுதல் கூச்சமூட்டும், அழுத்தமும் வலியூட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட உறுதி வேண்டும்.
6. தொப்புள்கொடி விழுந்து ஆறிய பின்னரே வயிற்றைத் தொடுங்கள். கடிகார முள் செல்லும் திசையில் நீவுங்கள்.
7. 5 முதல் 15 நிமிடம் போதுமானது. முகத்தைத் திருப்பினாலோ, உடலை விறைத்தாலோ, அழுதாலோ நிறுத்திவிடுங்கள். பிள்ளையின் விருப்பமே இதில் அளவுகோல்.

காய்ச்சல், தோற்புண் இருக்கையில் தவிர்க்கவும்; தடுப்பூசி போட்ட இடத்தைத் தேய்க்கலாகாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் வேண்டா. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று நோய் விளைவிக்கலாம். மார்பில் பால் பிழிதல் சீழ்க்கட்டிக்கு வழிவகுக்கும். மூக்கையும் தலையையும் பிடித்து உருவமைத்தல், உச்சிக்குழியை அழுத்துதல், கைகால் பிடித்துத் தூக்கி உதறுதல் ஆகியவையும் கூடா. சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. கண்மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். இவற்றை விலக்குவது பெரியோரை அவமதிப்பதாகாது. தேய்த்துவிடும் பொறுப்பை மகிழ்ச்சியோடு அவர்களிடம் கொடுத்து, இவற்றை மட்டும் வேண்டாமென மருத்துவர் சொன்னதாக எடுத்துரைக்கலாம்.

உதவியும் உரிமையும்

செவிலியர் வருகை: நியூ ஜெர்சியின் ‘ஃபேமிலி கனெக்ட்ஸ் என்.ஜே.’ திட்டத்தின்கீழ், குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் கட்டணமின்றி வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். நாம் வாழும் மிடில்செக்ஸ் கவுண்டி 2024-இல் இத்திட்டம் தொடங்கிய முதற்கவுண்டிகளுள் ஒன்று. வருமான வரம்போ காப்பீட்டு நிபந்தனையோ இல்லை. எண்ணெய் தேய்க்கும் முறையைச் செவிலியர் முன் செய்து காட்டி ஐயம் தீர்த்துக்கொள்ளலாம்.

ஊதியத்துடன் விடுப்பு: மாநிலக் குடும்ப விடுப்புக் காப்பீடு, தகுதியுள்ள பணியாளர் குழந்தையோடு இருப்பதற்காக, பிறந்த 12 மாதத்துக்குள், 12 வாரம் வரை ஊதியத்தில் 85 விழுக்காட்டை, சட்டம் விதித்த உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்குகிறது. இது தாய்க்கு மட்டும் உரியதன்று, தந்தைக்கும் உரியது. பணிப் பாதுகாப்பு வேறொரு சட்டத்தைச் சார்ந்தது. அதனைத் தனியே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

மனச்சோர்வு: இரண்டு வாரத்துக்கு மேலாகத் துயரம், உறக்கமின்மை, குழந்தைமீது பற்றின்மை நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். 1-833-852-6262 என்னும் தேசியத் தாய்மை மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து எனில் 911.

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் வகுப்புகள் குறித்துக் குழந்தை மருத்துவரிடமும், மகப்பேறு நடைபெற்ற மருத்துவமனையிலும், பிளெய்ன்ஸ்பரோ பொது நூலகத்திலும் விசாரிக்கலாம். பாட்டி ஊரிலேயே இருப்பின் காணொளி அழைப்பில் அவரைப் பார்க்கச் செய்து தேய்க்கலாம். கற்பவருக்கும் துணை, காண்பவருக்கும் நிறைவு.