தானக் கண்ணைக் காக்கும் முறைகள்

மீனைக் கெடாமல் வைக்க வேண்டுமானால் உப்பிட்டு வெயிலில் உலர்த்திக் கருவாடாக்குகிறோம். அது மாதக் கணக்கில் இருக்கும். அதில் உயிர் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால், ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுவதற்காக நல்ல மரத்திலிருந்து வெட்டிய குச்சியை அவ்வாறு வைப்பார் உண்டோ? அதை ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் படாமல், இயன்ற அளவு விரைவாக நாற்றங்காலுக்குக் கொண்டு சேர்ப்பார்கள். பட்டையில் உள்ள மொட்டு உயிரோடு இருந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும்.

முன்னது அழுகாமல் காப்பது. பின்னது உயிர் போகாமல் காப்பது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொண்டால், தானமாகக் கிடைத்த கண்ணை மருத்துவர்கள் எவ்வாறு காத்து வைக்கின்றனர் என்பதை எளிதில் விளங்கிக் கொள்ளலாம்.

பொருத்தப்படுவது எது?

கண் தானம் என்றதும், ஒருவருடைய கண் முழுவதையும் எடுத்து மற்றொருவருக்கு வைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இழைகள் உள்ளன. அறுந்த அந்நரம்பை மீண்டும் இணைத்துப் பார்வை தரும் வழி இன்னும் கிட்டவில்லை. மாற்றிப் பொருத்தப்படுவது கண்ணின் முன்புறத்தே உள்ள கருவிழிப் படலம் மட்டுமே.

கருவிழி என்னும் பெயரைக் கொண்டு அப்படலம் கருமையானது என்று கருதிவிடலாகாது. அது கைக்கடிகாரத்தின் மேல் மூடிய கண்ணாடி போலத் தெளிந்தது. நாம் காணும் கருமை அதன் பின்னே உள்ள பகுதிகளின் நிறமே. படலத்தின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அகலம் 11 முதல் 12 மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. புண், காயம், சுண்ணாம்பு முதலியவற்றால் ஏற்படும் புண்பாடு ஆகிய காரணங்களால் அது வெண்மை படர்ந்துவிட்டால், ஒளி உள்ளே செல்ல வழியின்றிப் பார்வை மங்குகிறது. கண்ணின் பிற பகுதிகள் நலமாக இருப்பின், படலத்தை மாற்றுவதால் பார்வை திரும்பக் கூடும்.

உயிர் எங்கே உள்ளது?

கருவிழிப் படலத்தின் உட்புறத்தே ஒரே வரிசையாக அமைந்த உயிரணுக்கள் உள்ளன. தேன்கூட்டின் அறைகள் போல அவை நெருங்கி அமைந்துள்ளன. வளர்ந்த மனிதரிடம் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2500 அணுக்கள் இருக்கும். கண்ணுக்குள் உள்ள நீர் ஓயாது படலத்திற்குள் கசிந்த வண்ணம் இருக்கிறது. இவ்வணுக்கள் அதனை ஓயாது வெளியேற்றிய வண்ணம் இருக்கின்றன. ஓட்டைப் படகில் அமர்ந்து நீரை இறைத்துக் கொண்டிருப்பவரின் வேலை போன்றது இது. இறைப்பது நின்றால் படலம் நீரில் ஊறிப் பருத்து, தெளிவை இழக்கும்.

மனிதருக்கு இவ்வணுக்கள் பெருகி வளர்வதில்லை. இறந்தவற்றின் இடத்தை அருகில் உள்ளவை விரிந்து நிரப்பும், அவ்வளவே. ஆதலின், வெளிப்பார்வைக்குத் தெளிவாக இருக்கும் படலமாயினும் உள்வரிசை அணுக்கள் பெரும்பாலும் மடிந்திருந்தால் முழுப் படலமாகப் பொருத்துவதற்கு அது உதவாது. ஒருவர் இறந்ததும் இவ்வணுக்கள் உடனே மடிந்துவிடுவதில்லை; சில மணி நேரம் தாங்கி நிற்கின்றன. அச்சில மணி நேரத்தைச் சில நாட்களாக்குவதற்கு மருத்துவ உலகம் எடுத்த முயற்சியே கண் பாதுகாப்பின் வரலாறு.

மணிக் கணக்கிலிருந்து நாட்கணக்கிற்கு

1905ஆம் ஆண்டு டிசம்பரில், மொரேவியா நாட்டு ஒல்முட்ஸ் நகரில் எடுவார்டு சிர்ம் என்னும் மருத்துவர், சுண்ணாம்பினால் பார்வை இழந்த ஒரு தொழிலாளிக்குக் கருவிழிப் படலம் பொருத்தி வெற்றி கண்டார். காயத்தால் கண்ணை அகற்ற வேண்டியிருந்த ஒரு சிறுவனிடமிருந்து அப்படலம் பெறப்பட்டது. கொடுத்தவரும் பெற்றவரும் ஓரிடத்தில் இருந்தமையால் நெடுநேரம் காத்து வைக்கும் தேவை எழவில்லை. ஆனால், அத்தகைய வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்?

1930களில் ஒடெசா நகரின் விளாதிமிர் ஃபிலாத்தவ், இறந்தவர்களின் கண்களைக் குளிரில் வைத்திருந்து பின்னர் பயன்படுத்தலாம் என்று காட்டினார். கண் வங்கி என்னும் எண்ணத்திற்கு வித்திட்டது இதுவே. 1944இல் நியூயார்க்கிலும், 1945இல் சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையிலும் கண் வங்கிகள் தோன்றின.

அக்காலத்துக் கண் வங்கிகள் கையாண்டது ஈர அறை முறை. விழி முழுவதையும் எடுத்து, உப்பு நீரில் நனைத்த பஞ்சோடு மூடிய புட்டியில் இட்டு, 4 பாகை செல்சியசுக் குளிரில் வைப்பர். ஈரச் சாக்கில் சுற்றிய ஒட்டுக்குச்சிக்கு இது ஒப்பாகும். செலவு மிகக் குறைவு. ஆனால் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் பொருத்திவிட வேண்டும்.

இம்முறையின் ஆற்றலும் எல்லையும் இலங்கையின் வரலாற்றில் நன்கு விளங்கும். அங்கு ஹட்சன் சில்வா என்னும் மருத்துவர் கண் தானம் வேண்டி 1958இல் செய்தித்தாளில் எழுதினார். தம் அன்னை மறைந்தபோது அவருடைய கண்களையே ஓர் ஏழை உழவருக்குப் பார்வை தருவதற்கு அளித்தார். 1961இல் கண் தானச் சங்கத்தை நிறுவினார். தொடக்கத்தில் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே கண்களை வைத்திருந்தார். 1964இல் பனிக்கட்டி இட்ட கொள்கலத்தில், ஒருவர் கையோடு கொண்டு வர, அங்கிருந்து முதன்முதலாகக் கடல் கடந்து கண்கள் வந்து சேர்ந்த இடம் சிங்கப்பூர். விமானம் காலத்தோடு போட்டியிட்டு வென்ற பயணம் அது.

உலர்த்தலும் உறைத்தலும்

காலத்தின் நெருக்கடியை வெல்ல வேறு வழிகளும் தேடப்பட்டன. கிளிசரினில் இட்டுப் படலத்தின் நீரை அகற்றுவது ஒரு முறை. அவ்வாறு வைத்த படலம் மாதக் கணக்கில் கெடாது; ஆனால் உயிரணுக்கள் மடிந்துவிடும். இது கருவாட்டு முறை எனலாம். ஆயினும் பயனற்றதன்று. புண்ணால் துளைபட்ட கண்ணை அவசரமாக மூடுவதற்கும், உள்வரிசையை விடுத்து மேலடுக்கை மட்டும் மாற்றுவதற்கும் அது போதும்.

1965இல் காஃப்மன் முதலியோர், உயிரணுக்களுக்குத் தீங்கு நேராதவாறு மருந்து நீரில் ஊற வைத்துப் படிப்படியாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் உறைய வைக்கும் முறையை வெளியிட்டனர். நெடுங்காலம் வைக்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் உறையும்போதும் உருகும்போதும் அணுக்கள் சேதமுறுவதாலும், செய்முறை கடினமாதலாலும் இது பரவலாகவில்லை.

ஊட்ட நீர்

1974இல் மெக்கேரி, காஃப்மன் ஆகிய இருவரும் உருவாக்கிய ஊட்ட நீர் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. விழி முழுவதையும் வைக்காமல், கருவிழிப் படலத்தை மட்டும் சுற்றியுள்ள வெண்விழியின் சிறு வளையத்தோடு வெட்டி எடுத்து அந்நீரில் இடுவர். அணுக்களுக்கு வேண்டிய உணவுப் பொருள்களும், கிருமிகளை ஒடுக்கும் மருந்தும், டெக்ஸ்ட்ரான் என்னும் பொருளும் அதில் உள்ளன. குளிரில் அணுக்கள் நீர் இறைக்கும் வேலையை ஏறத்தாழ நிறுத்திவிடும். அவ்வேளையில் படலம் ஊறிப் பருக்காமல் நீரை வெளியே ஈர்த்துக் கொள்வது டெக்ஸ்ட்ரானின் பணி. இம்முறையில் 4 நாள் வரை வைக்கலாம். பின்னர் காண்ட்ராய்டின் சல்பேட்டும் சேர்ந்த ஊட்ட நீர்கள் வந்தன. 1991இல் அறிமுகமான ஆப்டிசால் 14 நாள் வரை வைக்க இடந்தருகிறது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வேறொரு முறை வழங்குகிறது. படலத்தைக் குளிரில் வைக்காமல், 31 முதல் 37 பாகை வெப்பத்தில் ஊட்ட நீரில் வளர்ப்பு நிலையில் வைப்பர். இதனால் ஏறத்தாழ 4 வாரம் கிடைக்கிறது. கிருமி ஏதேனும் ஒட்டியிருந்தால் அவ்வெப்பத்தில் பெருகித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அத்தகைய படலத்தை விலக்கிவிடலாம். எனினும், இந்நிலையில் படலம் பருத்துவிடுவதால், பொருத்துவதற்கு முன் டெக்ஸ்ட்ரான் கலந்த நீரில் வைத்துப் பழைய கனத்திற்குக் கொண்டுவர வேண்டும். ஆய்வுக்கூட வசதியும் பயிற்சியும் மிகுதியாக வேண்டும்.

நாட்கள் கிடைத்ததன் பயன் தூரத்தைக் கடப்பது மட்டுமன்று. கொடையாளரின் இரத்தத்தில் மஞ்சட்காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. முதலியன உண்டா என ஆராயலாம். உள்வரிசை அணுக்களை உருப்பெருக்கியில் எண்ணிப் பார்க்கலாம். நோயாளியை முன்னறிவித்து வரவழைக்கலாம். ஈர அறைக் காலத்தில் நள்ளிரவில் நடந்த அவசர அறுவை, இன்று நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையாகியுள்ளது.

முதல் சில மணி நேரம்

இத்தனை முன்னேற்றத்திற்குப் பின்னும் ஒரு குறை தீரவில்லை. 2016இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, கருவிழிப் படலம் வேண்டி நிற்போர் 70 பேருக்கு ஒன்றே கிடைக்கிறது என்று கணக்கிட்டது. 14 நாள் காக்க வல்ல நீரும், அதில் இடுவதற்குப் படலம் வராவிட்டால் வெறும் புட்டி நீரே.

உயிர் பிரிந்த சுமார் 6 மணி நேரத்திற்குள் கண் எடுக்கப்படுதல் நலம். அந்த 6 மணி நேரம் மருத்துவர் கையில் இல்லை. வீட்டார் கையில் உள்ளது. இறந்தவரின் இமைகளை மூடி, அவற்றின் மேல் ஈரப் பஞ்சை வைக்க வேண்டும். தலையைத் தலையணையால் சற்று உயர்த்த வேண்டும். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். காற்றுப் பட்டால் படலம் உலர்ந்துவிடும். இவற்றைச் செய்ய எந்தப் பயிற்சியும் வேண்டுவதில்லை. கண் எடுப்பதால் முகம் உருக்குலைவதும் இல்லை. மூக்குக் கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்து கொண்ட முதியவரும் கொடையாளராகலாம்.

சிங்கப்பூரில் 2004 முதல் கருவிழிப் படலமும் உறுப்புக் கொடைச் சட்டத்தில் அடங்கியுள்ளது. சட்டத்திற்குட்பட்டோர் வேண்டாமென்று எழுதித் தராவிடில் அது பொருந்தும். மலேசியாவில் ஒருவர் தாமே முன்வந்து பதிய வேண்டும். பதிந்த பின்னும் இறந்த வேளையில் குடும்பத்தாரின் இசைவு கேட்கப்படுகிறது. துயரத்தில் ஆழ்ந்திருக்கும் அவர்கள், முன்பே அறியாத செய்தியை அப்போதுதான் கேட்பார்களாயின், என்ன விடை சொல்வார்கள்? அவர்கள் தயங்கி நிற்கும் நேரமும் அந்த 6 மணி நேரத்திலேயே கழிகிறது.

ஆகவே, கண் தானம் செய்ய விரும்புவோர் பெயரைப் பதிவதோடு நின்றுவிடலாகாது. மனைவி மக்களை அருகில் அமர்த்தி, தம் விருப்பம் இதுவென்று தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். தானக் கண்ணைக் காக்கும் முறைகளுள் முதலாவது அதுவே.