கழுத்தில் கட்டி, ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி... தைராய்டு முடிவைப் பார்த்துப் பதற வேண்டுமா?

கழுத்து வலிக்காக எடுத்த ஸ்கேனில் 'தைராய்டு நாட்யூல்' என்று ஒரு வரி. முடி கொட்டுகிறதே என்று பார்த்த ரத்தப் பரிசோதனையில் 'ஆன்டி டி.பி.ஓ' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'ஹை'. டாக்டரைப் பார்ப்பதற்குள் கூகுளைப் பார்த்துவிட்டு, 'கேன்சரா இருக்குமோ' என்று ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் ஏராளம். இந்த இரண்டு வரிகளும் உண்மையில் என்ன சொல்கின்றன?

நாட்யூல் என்றால் கேன்சரா?

நாட்யூல் என்பது தைராய்டு சுரப்பிக்குள் வரும் சிறு கட்டி. வயது கூடக் கூட, பெண்களுக்கு அதிகமாக வரும். 100 கட்டிகளில் 90-க்கும் மேற்பட்டவை சாதாரணக் கட்டிகள்தான்.

கட்டி இருந்தால் முதலில் டி.எஸ்.ஹெச் பரிசோதனையும், கழுத்துக்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேனும் எடுப்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டைராட்ஸ்' என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் ஊசிப் பரிசோதனை தேவையில்லை. ஓரம் ஒழுங்கில்லாமல் இருப்பது, அகலத்தைவிட உயரம் அதிகமாக இருப்பது, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிவது போன்றவை எண்ணைக் கூட்டும். 5 என்றால் 1 செ.மீ., 4 என்றால் 1.5 செ.மீ., 3 என்றால் 2.5 செ.மீ. அளவைத் தொட்டால்தான் பொதுவாக எஃப்.என்.ஏ.சி எனும் ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆன்டிபாடி 'ஹை' என்றால்?

ஆன்டிபாடிக்கும் கேன்சருக்கும் முடிச்சுப் போட வேண்டாம். கட்டி நல்லதா, கெட்டதா என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. நம் நோய் எதிர்ப்பு சக்தி தைராய்டையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்பதற்கான அடையாளம் இது. 1912-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரிலேயே இந்தப் பிரச்னை அழைக்கப்படுகிறது.

டி.எஸ்.ஹெச் நார்மலாக இருந்து, ஆன்டிபாடி மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. இங்கிலாந்தில் 20 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட பெண்களில் ஆண்டுக்கு 100-ல் சுமார் 2 பேருக்குத்தான் தைராய்டு குறைபாடு வந்தது. அதனால் வருடம் ஒருமுறை டி.எஸ்.ஹெச் பார்த்தால் போதும். ஆன்டிபாடி எண்ணையே திரும்பத் திரும்பப் பரிசோதிப்பது வீண் செலவு. கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்களும் கர்ப்பிணிகளும் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அடிக்கடி டி.எஸ்.ஹெச் பார்க்க வேண்டும்.

முடிக்கான மாத்திரை குழப்பும்!

முடி, நகம் வளர பலரும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில லேப்களின் பரிசோதனை முறையில் தவறான முடிவைத் தரும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோலக்கூட காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள்கள் முன்பே நிறுத்த வேண்டும்.

தென் கொரியா சொல்லும் பாடம்

அங்கே 1999-க்குப் பிறகு ஹெல்த் செக்கப்போடு தைராய்டு ஸ்கேனும் பரவலானது. 2011-ல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு கேன்சர் எண்ணிக்கை, 1993-ஐவிட 15 மடங்கு. ஆனால், அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. உயிருக்கு ஆபத்தில்லாத கேன்சருக்காகப் பல்லாயிரம் பேர் தைராய்டை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரைக்கு மாறினார்கள். அறிகுறியே இல்லாமல், 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

எப்போது தாமதிக்கக் கூடாது?

* கட்டி வேகமாக வளர்வது
* குரல் கரகரப்பு நீடிப்பது
* விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம்
* கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டுவது
* குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு கேன்சர் இருப்பது
* சிறு வயதில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருப்பது

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை கையோடு எடுத்துச் செல்லுங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பதை அவற்றை ஒப்பிட்டுத்தான் டாக்டர் சொல்ல முடியும்.