சாலைச் சீற்றமும் இருசக்கர வண்டி ஓட்டுநரும்

சாலைச் சீற்றம் என்பது வண்டி ஓட்டும்போது ஒருவருக்கு எழும் கோபம் கட்டுக்கடங்காமல் போய் வசை, மிரட்டல், துரத்தல், தாக்குதல் என வெளிப்படும் நிலையைக் குறிக்கும். கார், பேருந்து, லாரி ஓட்டுவோருக்கும் இது நேர்வதே எனினும், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் போன்ற இருசக்கர வண்டிகளில் செல்வோருக்கு இதனால் விளையும் கேடு மிகப் பெரியது. காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. இருசக்கர வண்டியில் இருப்பவருக்குத் தலைக்கவசமும் உடையுமே காப்பு. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் (44.5 விழுக்காட்டினர்) இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள் ஆவர். இவற்றுள் சீற்றத்தால் விளைந்தவை எத்தனை என்று அரசின் ஆண்டறிக்கை தனியே பிரித்துக் காட்டுவதில்லை. அதிவேகம், தவறான திசையில் ஓட்டுதல் போன்ற தலைப்புகளுக்குள் அவை மறைந்துவிடுகின்றன. பல வகை வண்டிகளும் ஒரே சாலையில் நெருக்கியடித்துச் செல்லும் தொழில்தடங்களில், எடுத்துக்காட்டாகக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பகுதியில், இச்சிக்கலின் வேர்களைத் தெளிவாகக் காணலாம்.

பெயர்

ரோட் ரேஜ் என்னும் ஆங்கிலத் தொடர், 1980களின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகர விரைவுச் சாலைகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிய செய்திகளை ஒட்டிப் பரவியது. தமிழில் சாலைச் சீற்றம், சாலைக் கோபம் என இருவகையாகவும் எழுதுவர். தமிழ் நாளேடுகளில் இத்தகைய நிகழ்வுகள் பெரும்பாலும் "வழிவிடுவதில் தகராறு" என்ற தலைப்பிலேயே வருகின்றன. புதிய கலைச்சொல்லைவிட இப்பழைய தொடரே காரணத்தை நேராகச் சொல்கிறது எனலாம்.

உளவியல் காரணங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஜெரி டெபன்பாக்கரும் அவருடன் பணியாற்றியோரும் 1994 இல் ஓட்டுநர் கோப அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். பிறரின் பகைச் சைகை, மரியாதைக் குறைவு, மெதுவாக ஓட்டுதல், போக்குவரத்துத் தடை எனக் கோபத்தைத் தூண்டும் சூழல்களை அது வகைப்படுத்துகிறது. அவற்றுள் பல, பிறர் தம்மை மதிக்கவில்லை என்ற எண்ணத்தோடு தொடர்புடையவை.

தான் தவறு செய்யும்போது அதற்குச் சூழலைக் காரணம் காட்டுவதும், பிறர் அதே தவறைச் செய்யும்போது அவருடைய குணத்தைக் குறை கூறுவதும் மனித இயல்பு. சாலையில் இவ்வியல்பு மேலும் கூர்மை பெறுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரின் முகமோ, தலைக்கவசத்துக்குள் இருப்பவரின் முகமோ தெரிவதில்லை. கடைவீதியில் தோள் இடித்துக்கொண்ட இருவர் பெரும்பாலும் ஒரு பார்வையிலேயே சமாதானமாகிவிடுவர். வண்டிகள் உரசிக்கொண்டால் அப்பார்வைக்கு இடமில்லை. ஒலிப்பான் மட்டுமே பேசுகிறது. அதன் பொருளும் ஒன்றல்ல. பின்பக்கத்தில் "ஒலி எழுப்பவும்" என்று எழுதிச் செல்லும் லாரிக்கு அது வேண்டுகோள். முன்னால் செல்லும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அதே ஒலி வசை.

சேரப்பணஞ்சேரி – ஒரகடம் சாலை

சேரப்பணஞ்சேரி, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் (மாநில நெடுஞ்சாலை 48) படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையில் அமைந்துள்ள ஊர். இச்சாலையும் சிங்கப்பெருமாள் கோவில் – திருப்பெரும்புதூர் சாலையும் (மாநில நெடுஞ்சாலை 57) ஒரகடத்தில் சந்திக்கின்றன. ரெனோ–நிசான் கார் ஆலை 2010 இலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012 இலும், ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2013 இலும் ஒரகடம் பகுதியில் உற்பத்தியைத் தொடங்கின. சாலையில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் மூவகை வண்டிகளும் ஒரே வட்டாரத்தில் உருவாகின்றன என்பது ஒரு முரண்நகை.

ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களின் ஊடே செல்லும் இத்தகைய சாலையில் கொள்கலன் லாரிகள், புதிய கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்கள், ஜல்லி லாரிகள், ஆலைப் பேருந்துகள், பங்கு ஆட்டோக்கள், மாடுகள் ஆகியவற்றோடு தொழிலாளர்களின் மோட்டார் சைக்கிள்களும் செல்கின்றன. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு சாரார் ஆலைக்கு விரைய, இரவுப் பணி முடித்த இன்னொரு சாரார் உறக்கக் கலக்கத்தோடு திரும்புகின்றனர். நேரம் தவறினால் கூலி குறையலாம் என்ற அச்சமும், உறக்கமின்மையும் பொறுமையைக் குறைப்பவை.

இங்கு அவமதிப்பாகத் தோன்றும் பலவும் உண்மையில் அவமதிப்பு அல்ல. நீண்ட டிரெய்லர் ஆலை வாயிலுக்குள் இடப்புறம் திரும்ப வேண்டுமானால், முதலில் வலப்புறம் ஒதுங்கியே திரும்ப முடியும். அப்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்லாமல், உட்புறமாக வெட்டிச் செல்லும். இடப்பக்கம் கிடைத்த இடைவெளியில் நுழைந்த மோட்டார் சைக்கிள்காரருக்கு லாரி தன்னை வேண்டுமென்றே நெருக்குவதாகத் தோன்றும். லாரி ஓட்டுநருக்கோ அவர் அங்கே இருப்பதே தெரியாது. உயரமான அறையின் இடப்புற அடிப்பகுதி பக்கக் கண்ணாடியில் முழுமையாகத் தெரிவதில்லை. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியாவிட்டால், அவருக்கும் நம்மைத் தெரியாது என்று கொள்வதே பாதுகாப்பு.

எதிரில் வரும் வண்டி முகப்பு விளக்கை மினுக்குவதும் அவ்வாறே. பிரித்தானியாவில் பலர் இதனை "நீங்கள் செல்லுங்கள்" என்ற பொருளில் கொள்வர். தமிழ்நாட்டில் "நான் வருகிறேன், நீ நில்" என்பதே வழக்கம். மேலும், இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எந்நேரமும் எரியுமாறு அமைக்கப்படுகிறது. பகலில் எரியும் அவ்விளக்கைக் கண்டு எரிச்சலடைவோர் அதனை அணைக்க முடியாது என்பதை அறிவதில்லை.

பெங்களூர் நிகழ்வு

2025 அக்டோபரில் பெங்களூரில் இரவு நேரத்தில் இருசக்கர வண்டியில் சென்ற உணவு விநியோக இளைஞர் ஒருவரின் வண்டி, கார் ஒன்றின் பக்கக் கண்ணாடியில் உரசியது. அதன் பின்னர் அக்கார் திரும்பி வந்து துரத்தி, பின்புறத்திலிருந்து மோதியதாகக் காவல்துறை தெரிவித்தது. இளைஞர் இறந்தார்; பின்னிருக்கையில் இருந்தவர் காயமடைந்தார். காரில் சென்ற தம்பதியினர் கைது செய்யப்பட்டனர். உரசல் நடந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால் தகராறு முடிந்துவிட்டது என்று கொள்ள முடியாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பின்னால் வருவது யார் என்பதை அடுத்த சில நிமிடங்களுக்குக் கண்ணாடியில் கவனித்தல் வேண்டும்.

தற்காப்பு

இருசக்கர வண்டி ஓட்டுநருக்கு எடையிலும் காப்பிலும் எப்போதும் குறைவே. ஆனால் ஒரு வசதி உண்டு: சிறிய வண்டியாதலால் எளிதில் விலகிச் செல்ல முடியும். தற்காப்பு முறைகள் அனைத்தும் இவ்வசதியை இழக்காமல் வைத்துக்கொள்வதையே நோக்கமாகக் கொண்டவை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். முன்வண்டிக்கும் தமக்கும் இடையே குறைந்தது இரண்டு நொடித் தொலைவு, அதாவது ஏறத்தாழ 33 மீட்டர், விடுவது நல்லது. மழையில் இதனை இரட்டிப்பாக்க வேண்டும். அவ்விடைவெளியில் இன்னொருவர் நுழைந்துவிடுவார் என்பது பலரின் குறை. நுழையத்தான் செய்வார், அதனால் இழப்பது இரண்டு நொடிகளே. சிக்னலில் நிற்கும்போதும் முன்வண்டியின் பின்சக்கரம் தெரியும் அளவுக்கு இடம் விட்டு, முதல் கியரில் நிற்பவரால் பக்கவாட்டில் விலக முடியும். ஒட்டி நிற்பவரால் முடியாது.

ஒருவர் பின்னால் நெருங்கி ஒலியெழுப்பினாலோ பக்கத்தில் வந்து வசைபாடினாலோ, வேகத்தை மெல்லக் குறைத்து இடப்புறம் ஒதுங்கி அவரை முன்னே செல்லவிடுவது முதல் செயல். திடீரெனப் பிரேக் பிடித்து "பாடம் புகட்டுவது" மிக ஆபத்தானது. பின்னால் வருபவர் லாரி ஓட்டுநராயின் அவர் விரும்பினாலும் நிறுத்த முடியாது. தவறு தம்முடையது எனில் கையை உயர்த்தி மன்னிப்புத் தெரிவிக்கலாம். தம்முடையது அல்ல எனினும் தெரிவிக்கலாம். அதனால் செலவு ஏதுமில்லை. முறைத்துப் பார்த்தல், விரலால் சைகை செய்தல், காரின் கண்ணாடியைத் தட்டுதல் அல்லது உதைத்தல் ஆகியவை வசையைத் தாக்குதலாக மாற்றக்கூடியவை. பின்னிருக்கையில் இருப்பவர் இவற்றைச் செய்தாலும் விளைவு அதுவே. ஓட்டுபவர் விலகிச் செல்ல முயலும்போது பின்னால் இருப்பவர் திரும்பித் திட்டுவது நண்பர்கள் இருவராகச் செல்கையில் அடிக்கடி நிகழ்கிறது. மாறாக அவர் வண்டி எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

வண்டி தொடர்ந்து துரத்தினால் நேராக வீட்டுக்குச் செல்லலாகாது. துரத்துபவருக்கு முகவரியைக் காட்டிக்கொடுப்பதாக அது அமையும். ஏரிக்கரைச் சாலை, ஆலைகளுக்குப் பின்புறமுள்ள ஆளரவமற்ற சாலை ஆகியவற்றையும் தவிர்த்து, பெட்ரோல் பங்க், தேநீர்க் கடை, காவலர் நிற்கும் ஆலை வாயில், காவல் நிலையம் போன்ற வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்தை அடைய வேண்டும். தொழில்தடத்தில் இரவிலும் விளக்கெரியும் ஆலை வாயில்கள் இருப்பது இவ்வகையில் பேருதவி. கார் நுழைய முடியாத குறுகிய தெருவும், அதில் மக்கள் இருப்பின், ஏற்றதே. நடுத்தடுப்பைத் தாண்டி எதிர்த்திசையில் ஓட்டித் தப்புவது ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குள் புகுவதாகும். நின்றவுடன் 112 அல்லது 100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணும் உண்டு.

எதிரி இறங்கி வந்தாலும் தலைக்கவசத்தைக் கழற்றாதிருப்பது நல்லது. பேசுவதற்காக அதனைக் கழற்றுவது மரியாதையின் பொருட்டு நம்மவர் செய்வது. தள்ளுமுள்ளில் கீழே விழுந்து தலை தரையில் மோதுவதற்கும் அதுவே வாய்ப்பளிக்கிறது. விபத்துகளில் தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாக 2008 இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. தகராறு தணிந்த பின்னரும் அட்ரினலின் சுரப்பால் கை நடுக்கமும் படபடப்பும் சிறிது நேரம் நீடிக்கும். அது அடங்கும்வரை வண்டியை எடுக்காமலிருப்பது நன்று.

சட்டம்

இந்தியச் சட்டங்களில் சாலைச் சீற்றம் எனத் தனிக் குற்றம் இல்லை. செயலைப் பொறுத்தே பிரிவு அமையும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பொறுப்பற்று ஓட்டுதல் 281 ஆம் பிரிவிலும், காயம் விளைவித்தல் 115 ஆம் பிரிவிலும், வழிமறித்தல் 126 ஆம் பிரிவிலும், பொருளுக்குச் சேதம் விளைவித்தல் 324 ஆம் பிரிவிலும் வருகின்றன. ஆபத்தாக ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 184 ஆம் பிரிவின்படியும் குற்றமாகும். தேவையின்றி ஒலிப்பான் எழுப்புவோருக்கு 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 194எப் பிரிவு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. நடைமுறையில் இது அரிதாகவே நினைவுகூரப்படுகிறது.

விபத்து நேர்ந்தால் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என அதே சட்டத்தின் 134 ஆம் பிரிவு கூறுகிறது. கும்பலின் சீற்றத்தாலோ தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு காரணத்தாலோ இயலாதபோது இதற்கு விலக்கு உண்டு. அந்நிலையிலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தல் வேண்டும். 108 ஐ அழைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் செல்பவர் தப்பியோடியவராகக் கருதப்படமாட்டார் என்பதைப் பலரும் அறிவதில்லை.

இந்தியாவில் மிக அறியப்பட்ட சாலைச் சீற்ற வழக்கு முன்னாள் துடுப்பாட்டக்காரர் நவ்ஜோத் சிங் சித்துவுடையது. 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில் வண்டியை நகர்த்துவது பற்றி எழுந்த தகராறில் தாக்கப்பட்ட 65 வயதுடைய ஒருவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் 1999 இல் சித்துவை விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2006 இல் மூன்றாண்டுச் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018 இல் அதனை 1,000 ரூபாய் தண்டமாகக் குறைத்தது. பின்னர், மறுஆய்வு மனுவின் பேரில் 2022 மே 19 அன்று ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. அவர் 2023 ஏப்ரல் 1 அன்று பாட்டியாலா சிறையிலிருந்து விடுதலையானார். அப்போது அத்தகராறு நடந்து 34 ஆண்டுகள் கடந்திருந்தன.